கல்லிலிருந்து கேப்புக்கு: மாற்றிய மஸ்கட்டை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய ராணுவத் துப்பாக்கிகளின் சந்தையில் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. ஒரே ஆயுதச்சாலையில் ஒரே ஆண்டில் செய்த இரண்டு மஸ்கட்டுகளில் (குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நீண்ட துப்பாக்கிகள்), உரசித் தீப்பொறி எழுப்பும் சக்கிமுக்கிக் கல்லோடு அப்படியே இருப்பதற்கு விலை கூடுதல். பிற்காலத்தில் கேப் (தட்டினால் வெடிக்கும் மருந்து அடைத்த சிறு செப்புத் தொப்பி) வெடிக்கும்படி மாற்றப்பட்டதற்கு விலை கணிசமாகக் குறைவு. எல்லா வம்புக்கும் வேர் இந்த வித்தியாசம்தான். மாற்றிய துப்பாக்கியை மறுபடியும் கல்லுக்கே திருப்பி, "அசல்" என்று சொல்லி விற்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

அமெரிக்காவின் 1816 மாடல் மஸ்கட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங்ஃபீல்ட், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆகிய அரசு ஆயுதச்சாலைகளிலும் தனியார் ஒப்பந்தக்காரர்களிடமும் லட்சக்கணக்கில் உருவானது இது. குழல் 42 அங்குலம், குழல்வாயின் விட்டம் 0.69 அங்குலம். 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினால் வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழியில் வந்த செப்புக் கேப் மழையிலும் ஏமாற்றவில்லை. 1842 மாடலோடு அமெரிக்க ராணுவம் கேப்புக்கு மாறியபோது கிடங்குகள் நிறையக் கல் துப்பாக்கிகள் குவிந்துகிடந்தன. தூக்கி எறிய மனமில்லை, மாற்றுவது மலிவு. தயாரித்த ஆண்டையும் நிலையையும் பார்த்துத் தரம் பிரித்து, நல்லவற்றை 1840களின் கடைசியிலும் 1850களிலும் மாற்றினார்கள். ஆகவே இந்த மாற்றம் யாரோ செய்த சேதமல்ல; அரசாங்கமே கொடுத்த இரண்டாவது பணிக்காலம். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது இரு தரப்புப் படைகளும் இவற்றைத் தூக்கிக்கொண்டு போயின.

எந்த வகை மாற்றம் என்பதை, விசையை இழுத்ததும் பாய்ந்து தட்டும் உறுப்பான குதிரையைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். ஆயுதச்சாலைகள் பெரும்பாலும் செய்தது 'பெல்ஜிய முறை'. குழலின் அடிப்பக்கத்தில், வலப்புற மேல்பகுதி இரும்பைக் காய்ச்சித் திரட்டி, அதில் நேரடியாக மரை வெட்டி, கேப் மாட்டும் முளையைத் திருகினார்கள். முளை குழலின் மேலேயே நிற்பதால் குதிரையின் கழுத்து உள்பக்கமாக நன்றாகச் சாய்ந்திருக்கும். முன்பு தீ குழலுக்குள் போன பக்கத்துளையான பழைய பற்றுவாய் அடைபட்டிருக்கும். அந்தத் துளைக்கு வெளியே சிறிது மருந்து வைக்கும் பித்தளைக் கிண்ணத்தின் வெளிநீட்டத்தை அறுத்து மட்டப்படுத்தியிருப்பார்கள். லாக் எனப்படும் சுடும் இயக்க அமைப்பின் தகட்டில், மேல்விளிம்பில் ஒரு பித்தளைத் துண்டு மட்டும் பளிச்சென்று தெரியும். கிண்ணத்தை மூடி, கல் உரசப் பொறி எழுப்பும் எஃகு மூடியும் அதன் வில்லும் இருந்த திருகாணித் துளைகளை அடைத்து அராவியிருப்பார்கள். அந்த வட்டங்கள் வெளியே மங்கலாகவும் தகட்டின் உட்புறத்தில் தெளிவாகவும் தெரியும்.

இரண்டாவது, பீப்பாய் முறை. பற்றுவாயைப் பெரிதாக்கி, அதில் ஒரு சிறு உருளையைத் திருகி, அந்த உருளையின்மேல் முளையைப் பொருத்துவது. குதிரை நேராக நிற்கும். ஊர்ப் பட்டறைகளுக்குக் கைவந்த முறை இது. உருளையின் மரை தேய்ந்து ஆட்டம் காண்பதும் இதில்தான் அதிகம். கரடுமுரடான பீப்பாய் மாற்றத்தைக் கண்டாலே "தென்மாநிலப் படையுடையது" என்று விற்பவர் கதை கட்டுவார். ஆவணமோ நம்பத்தக்க முத்திரையோ இல்லாத கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, அடிப்பகுதியையே அறுத்துவிட்டு, முளைத்திண்டோடு கூடிய புது அடிப்பகுதியைத் திருகுவது. நியூஜெர்சியின் நியூவர்க்கில் ஹ்யூஸ் அண்ட் ஃபிலிப்ஸ் நிறுவனம் போர்க்காலத்தில் இப்படி மாற்றியவற்றில் 'எச் அண்ட் பி' என்ற முத்திரை இருக்கும். ரெமிங்டன் நிறுவனம் 1854இல் 20,000 லாக்குகளுக்கு ஒப்பந்தமாகி, அவற்றை ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதச்சாலையில் பொருத்தியது தனிக்கதை. மேனார்ட் என்பவரின் சுருள் கேப் முறை அது. தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில் ரோல் கேப் போட்டுச் சுட்டவர்களுக்கு விளக்கமே தேவையில்லை, அதே தத்துவம்தான். ராணுவத்துக்குத்தான் அது ஒத்துவரவில்லை, ஈரம் பட்டால் காகிதச் சுருள் சொதப்பியது.

இனி, திருப்பி மாற்றிய போலியைப் பிடிப்பது எப்படி? சிறிய விளக்கு ஒன்றைக் குழலுக்குள் அடிவரை இறக்குங்கள். போர்ஸ்கோப் (குழலின் உட்புறத்தைப் பார்க்கும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. வலப்புற மேல்பகுதியில் வட்டமான அடைப்போ வெல்டிங் தடயமோ தெரிந்தால் அங்கே ஒருகாலத்தில் முளை இருந்திருக்கிறது. வெளியே அதே இடத்தில் விரலை ஓட்டினால், எவ்வளவு அராவியிருந்தாலும் ஒரு மேடோ தட்டையோ தட்டுப்படும். இன்னொரு சாட்சி துரு. கேப்பிலிருந்த ரசாயனம் இரும்பை அரிக்கும்; சுட்டுச் சுட்டு, முளையைச் சுற்றி அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழும். கல் துப்பாக்கி என்று விற்கப்படும் ஒன்றில் குழலின் மேற்புறத்தில் இந்தத் தழும்புகள் இருக்கின்றன, ஆனால் பற்றுவாயைச் சுற்றி இரும்பு வழுவழுப்பாகவும் துளை கூர்மையாகவும் இருக்கிறது என்றால் கணக்கு இடிக்கிறது. நிறையச் சுட்ட கல் துப்பாக்கியில் பற்றுவாய் அகன்றிருக்கும். கிண்ணத்துக்குப் பின்னாலுள்ள மரமும் தீய்ந்து அரிந்திருக்கும்.

லாக்கைக் கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். கழற்றினால் உட்புறம் பாருங்கள். 1816 மாடலின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தும் துல்லியத்தில் செய்யப்பட்டவையல்ல; ஆகவே சேர்ந்து பொருத்தியவற்றில் ஒரே எழுத்தையோ வெட்டுக்கோட்டையோ பதித்திருப்பார்கள். தகட்டிலும் திருகாணிகளிலும் இருக்கும் குறி, எஃகு மூடியிலும் குதிரையிலும் மட்டும் இல்லாமலிருந்தால் அவை புது வரவு. வார்ப்பில் செய்த நகல் உறுப்புகளின் மறைவான பக்கங்களில் மணல் தூவியதுபோன்ற சொரசொரப்பு இருக்கும். நிறத்தை அமிலம் பூசி ஏமாற்றலாம். இதை ஏமாற்றுவது கடினம்.

வாங்குவதற்கும் முன்னால், கையில் எடுத்த உடனே செய்ய வேண்டியது ஒன்று. மருந்து கெட்டித்த நிலையிலேயே நூற்றைம்பது ஆண்டு கிடந்த துப்பாக்கிகள் இன்றும் கிடைக்கின்றன. கரிமருந்து காய்ந்திருந்தால் வீரியம் போவதில்லை. குழல்வாயை யாரும் இல்லாத பக்கம் திருப்பி, முளைமீது கேப் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, மருந்தை இடித்துக் கெட்டிக்கும் கெஜக்கோலை அடிவரை இறக்கி, குழல்வாய் மட்டத்தில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடியுங்கள். நுனி, பற்றுவாய் அல்லது முளை இருக்கும் இடம்வரை வர வேண்டும். ஓரிரு அங்குலம் முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. சூடாக்கவோ மின்துளைப்பானை நுழைக்கவோ கூடாது. கெட்டித்ததாகவே கருதி, பழந்துப்பாக்கி தெரிந்த தொழில்காரரிடம் விட்டுவிடுங்கள்.

சட்டமும் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1898 வரை செய்தவற்றைத் தொல்பொருளாக ஒதுக்கிவிடுகிறது. மாநில விதிகள் தனி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே. சுவரில் தொங்குகிறது என்பது காரணமாகாது.

பராமரிப்பில் அதிக நாசம் செய்வது ஆர்வக்கோளாறு. உப்புத்தாள் போட்டால் லாக்குக்கு எதிர்ப்பக்க மரத்திலுள்ள ஆய்வாளர் முத்திரை போய்விடும். அதோடு விலையும் போகும். 1822 முதல் 1831 வரையான குழல்களில் பழுப்புப் பூச்சு அசலானது. துரு என்று நினைத்துத் தேய்த்தவர்கள் பலர். செந்துரு கிளம்பியிருந்தால் மெல்லிய எண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியால் அல்லது செப்பு விளிம்பால் சுரண்டினால் போதும். முளை அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள்; பெல்ஜிய முறையில் குழல் சுவரின் கனமளவே மரை, வலிந்து திருகினால் கழன்று வராது, பிய்ந்து வரும். வெறுமனே குதிரையைத் தட்டி விளையாடுவதும் முளையின் தலையை நசுக்கும். எண்ணெய் போட்ட துப்பாக்கியைக் குழல்வாய் கீழே பார்க்கச் சாய்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கி லாக்குக்குப் பின்னாலுள்ள மரத்தில் ஊறும். கட்டை மிக மெலிந்திருக்கும் இடம் அதுதான். ஊறிப் பஞ்சான பிறகு லாக் திருகாணி அங்கே பிடிக்காது.