புள்ளியை யாரும் பறிக்கவில்லை

"அரையிறுதியில் தோல்வி: 600 புள்ளிகள் பறிபோயின." இந்த ரக டென்னிஸ் செய்தித் தலைப்பு ஏதாவது ஒரு திங்கட்கிழமை வந்துவிடுகிறது. எழுதுபவர்களுக்கும் சலிக்கவில்லை, நம்புபவர்களுக்கும் சலிக்கவில்லை. திருத்தித் திருத்தி எங்களுக்குத்தான் கை வலிக்கிறது.

ஆடவர் டென்னிஸில் தோற்றதற்காக எவருக்கும் ஒரு புள்ளிகூடக் கழிக்கப்படுவதில்லை. ஆடவர் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் தரவரிசை கடைசி 52 வாரங்களின் கணக்கு. போன வருடம் ஒரு போட்டியில் வாங்கிய புள்ளி, இந்த வருடம் அதே போட்டி முடிந்ததும் காலாவதியாகும். அந்த இடத்தில் புதுப் புள்ளி வந்து உட்காரும். போன வருடம் மாஸ்டர்ஸ் 1000 கோப்பையை (வென்றால் 1000 புள்ளி தரும் போட்டி) வென்றவர் இந்த வருடம் அரையிறுதியில் தோற்றால் 1000 போய் 400 வரும். அதே நாள், இன்னொரு அரையிறுதியில் தோற்றவர் போன வருடம் முதல் சுற்றிலேயே 10 புள்ளியோடு வெளியேறியவர் என்றால் அவருக்கு 390 கூடும். இருவரும் ஒரே சுற்றில்தான் தோற்றார்கள். ஒருவர் இறங்குகிறார், ஒருவர் ஏறுகிறார். இதில் அபராதம் எங்கே வந்தது?

ஜெயித்தும் இறங்கலாம். 2022இல் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் அனுமதிக்காததால், அந்தப் போட்டிக்கு ஏடிபி புள்ளியே தரவில்லை. ஜோகோவிச் கோப்பையைத் தூக்கினார். 2021இல் வாங்கிய 2000 காலாவதியானது. மறுநாள் பட்டியலில் 3ஆம் இடத்திலிருந்து 7ஆம் இடத்துக்கு இறங்கினார். (அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு சண்டை. கணக்கு இதுதான்.)

ஆகவே செய்தி எழுதும் தம்பி தங்கைகளே, திங்கட்கிழமை பட்டியலைத் தொடும் முன் அந்த வீரர் போன வருடம் அதே போட்டியில் எந்தச் சுற்று வரை வந்தார் என்று ஒரு தடவை பாருங்கள். ஒரு நிமிட வேலை.

அடுத்தது நவம்பர்க் குழப்பம். இத்தாலியின் டூரினில், எட்டுப் பேர் மட்டும் ஆடும் ஆண்டு இறுதிப் போட்டியான ஏடிபி ஃபைனல்ஸுக்கு 52 வாரப் பட்டியலைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. ஜனவரியில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் ரேஸ் பட்டியல்தான் கணக்கு. முதல் 7 பேர் நேராகத் தகுதி பெறுவார்கள். அந்த வருடம் கிராண்ட்ஸ்லாம் (விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வென்ற ஒருவர் 8 முதல் 20ஆம் இடத்துக்குள் இருந்தால் எட்டாவது இடம் அவருக்கு. இல்லாவிட்டால்தான் 8ஆம் இடத்துக்காரருக்கு. 2022இல் ஜோகோவிச் இந்த வழியாகத்தான் தகுதியை உறுதி செய்தார். உள்ளே வந்தவர் ஒரு ஆட்டமும் தோற்காமல் பட்டம் வென்றார்: குழுச் சுற்றில் மூன்று வெற்றிக்கு 600, அரையிறுதிக்கு 400, இறுதிக்கு 500, மொத்தம் 1500.

அந்த 1500 அடுத்த வருடம் எப்போது விழும்? டூரின் முடிந்த பிறகு அல்ல. வழக்கமான சீசன் முடிந்த கையோடு, ஃபைனல்ஸ் புள்ளிகள் எதுவும் சேரும் முன்பே விழுந்துவிடும். எனவே ஆண்டு இறுதி நம்பர் ஒன் யார் என்று எழுதுபவர்கள் நவம்பரில் ரேஸ் பட்டியலை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. 2023இல் ஆண்டு இறுதி நம்பர் ஒன் ஆக ஜோகோவிச்சுக்கு டூரினில் ஒரே ஒரு வெற்றி போதுமானதாக இருந்தது. முதல் ஆட்டத்தில் ரூனேவை வென்றதும் விஷயம் முடிந்தது.

ஃபைனல்ஸின் குழுச் சுற்றில் (நால்வர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் மற்ற மூவருடன் ஆடுவது) இன்னும் கவனம் வேண்டும். மூன்று பேர் தலா இரண்டு ஆட்டம் வென்றிருந்தால் நேருக்கு நேர் முடிவை முதலில் பார்ப்பதில்லை. வென்ற செட் சதவீதம், அதுவும் மூவருக்கும் சமமானால் கேம் (செட்டுக்குள் வரும் சிறு ஆட்டம்) சதவீதம். லண்டனில் நடந்த 2009 ஃபைனல்ஸில் பெடரர், டெல் போட்ரோ, முர்ரே மூவருக்கும் செட் கணக்கு 5-4. கேம் கணக்கு முறையே 44-40, 45-43, 44-43. முர்ரே தன் முதல் ஆட்டத்தில் டெல் போட்ரோவை வென்றிருந்தார். ஆனாலும் வெளியே போனது அவர்தான். கடைசி ஆட்டம் முடிந்த உடனே "இவர் தகுதி" என்று தட்டிவிடாமல், கால்குலேட்டரை எடுத்து மூன்று வகுத்தல் போட்டுவிட்டு எழுதுங்கள்.