யானைக்கு என்ன வருது?

நான்கு வயதுப் பிள்ளை கால் தடுக்கி விழுந்து அழுகிறது. ஓடி வரும் பாட்டி, "தரை அடிச்சிடுச்சா? இரு, அதை நான் அடிக்கிறேன்" என்று தரையை ரெண்டு தட்டு தட்டுகிறார். அழுகை நின்றுவிடும். நானும் இதைச் செய்தவன்தான். ஆனால் பிள்ளைக்குக் கிடைத்தது குற்றவாளியின் பெயர் மட்டுமே. வந்தது வலியா, பயமா, எல்லோர் முன்னாலும் விழுந்த வெட்கமா என்பதற்குப் பெயர் கிடைக்கவில்லை.

அந்தப் பெயர்கள் மெல்லத்தான் வரும். முகப் படங்களைக் காட்டிக் குழந்தைகளிடம் உணர்ச்சியின் பெயர் கேட்ட உளவியலாளர்கள் ஷெரி வைடனும் ஜேம்ஸ் ரஸ்ஸலும் கண்டது இது: முதலில் இருப்பவை 'நல்லா இருக்கு', 'நல்லா இல்லை' என்ற இரண்டு மூட்டைகள்தான். சந்தோஷம், கோபம், சோகம் ஆகியவை முதலில் பிரிகின்றன. பயமும் ஆச்சரியமும் அப்புறம். அருவருப்பில் சுளித்த முகத்தைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பலர்கூடக் கோபம் என்றே சொல்கிறார்கள்.

பெயர் தெரிந்தால் என்ன ஆகிவிடும்? கலிஃபோர்னியாவில் மாத்யூ லீபர்மன் குழு 2007இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், கோப முகத்தையோ பய முகத்தையோ பார்த்து அந்த உணர்ச்சிக்கான சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்துக்கு மணியடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்புறத்தில் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. முகத்துக்குரியவரின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அப்படி ஆகவில்லை. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. அந்த நெற்றிப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். அதனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்லை நாம்தான் கடன் கொடுக்க வேண்டும்.

நேராகக் கேட்டால் வேலைக்காகாது. என் அக்கா மகளுக்குப் பள்ளி நாள்களில் மட்டும் காலையில் வயிறு வலிக்கும். "ஏன்டா கண்ணா?" என்றால் இன்னும் அழுகை. ஒருநாள் அவளுடைய துணி யானையை வேனில் ஏற்றி விளையாடினோம். வேன் என்பது ஒரு செருப்புப் பெட்டி. "யானைக்கு வயிறு வலிக்குதாம்" என்றாள்.

"அடடா. ஏனாம்?"

"வேன்ல அம்மா இல்லையே."

"அப்ப அதுக்கு வருறது வலியா, பயமா?"

கொஞ்ச நேரம் யானையையே பார்த்தாள். "வயித்துல பயம்."

யானையின் பயத்தை அவள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடிந்தது. தன் பயத்தை அப்படிப் பார்க்க முடியாது. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையில் இதைத் தொட்டிருக்கிறார்: விளையாட்டில் குழந்தை நோயாளியாக அழும், அதே நேரத்தில் விளையாடுகிற ஆளாகக் குதூகலிக்கும்.

பொம்மையே வேண்டும் என்றில்லை. 'இங்க வா' என்பதைக் கோபமாக, கொஞ்சலாக, பயந்துபோய்ச் சொல்லி எது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். காய் விடுவதும் பழம் விடுவதும்கூட, மனத்தாங்கலை விரலால் சொல்ல பிள்ளைகளே வைத்திருக்கும் வழிதான். ஒன்று மட்டும்: பதிலைத் திருத்தக் கூடாது. வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதுபோல் ஆகிவிட்டால் அது விளையாட்டே இல்லை.

வயிற்று வலி இன்னும் சில காலைகளில் வருகிறது. அவள் அதைப் பயம் என்றே சொல்கிறாள். நேற்று இரவு, யானைக்கு இப்போது என்ன வருது என்று ஆர்வமாகக் கேட்டேன்.

"தூக்கம்" என்றாள்.