இலவச குரூப்பில் 'கால்' சரியாக வந்தது என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்

வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் மாதங்களில் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் இப்போதெல்லாம் ஃபார்ம் 16-உடன் புரோக்கர் தரும் லாப நஷ்ட அறிக்கையையும் கொண்டுவருகிறார்கள். "சம்பளம்தான் சார், கொஞ்சம் டிரேடிங்கும் பண்ணினேன்" என்று சொல்லிக்கொண்டே நீட்டுவார்கள். திறந்து பார்த்தால் வருடச் சம்பளத்தில் பாதி போயிருக்கும். அதைக்கூட ஓரளவு எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை என் பொறுமையைச் சோதித்தது வேறொரு கேள்வி. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் இளைஞர் ஒருவர், மனைவியின் நகையை அடகு வைத்து ஆப்ஷன் டிரேடிங் (ஒரு பங்கையோ குறியீட்டையோ குறிப்பிட்ட விலையில் வாங்கும் அல்லது விற்கும் உரிமையை வாங்கி விற்பது) செய்திருக்கிறார். கணக்கெல்லாம் முடிந்த பிறகு கேட்டார்: "சார், டெலிகிராம் பிரீமியம் குரூப்புக்கு மாசாமாசம் பணம் கட்டியிருக்கேன். அதைச் செலவுல காட்டலாமா?"

ரசீது இருக்கிறதா என்றேன். இல்லை. யாருக்குக் கட்டினீர்கள்? யூபிஐயில் ஒரு தனிநபர் பெயர் இருந்தது. சில மாதம் கழித்து வேறொரு பெயர். அட்மின் யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. அப்புறம் எதை நம்பித்தான் கட்டினீர்கள் என்று கேட்டதற்கு, எல்லோரும் சொல்லும் அதே பதில் வந்தது: "அவங்க இலவச குரூப்ல கொஞ்ச நாள் இருந்து பார்த்தேன் சார். கொடுத்த கால் எல்லாம் கரெக்டா வந்துச்சு."

'கால்' என்றால் எதை, எந்த விலையில் வாங்க வேண்டும், விற்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு. இந்தப் பதிலைத்தான் இன்று எடுத்துப் பேச வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

மாம்பழக்காரர் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தால் சாப்பிட்டுப் பார்த்து வாங்குகிறோம். அந்தத் துண்டும் கூடையில் இருக்கும் பழமும் ஒரே மரத்தில் காய்த்தவை, அதனால் அந்தச் சோதனை செல்லும். டெலிகிராம் இலவச சேனலில் நீங்கள் பார்ப்பது அப்படிப்பட்ட சாம்பிள் அல்ல. அட்மின் எதை மிச்சம் வைத்திருக்கிறாரோ அதை மட்டும்தான் பார்க்கிறீர்கள். சேனல் என்பது ஒருவழிப் பாதை. அவர் எழுதலாம், நீங்கள் படிக்கலாம். யார் யார் உறுப்பினர் என்று உங்களுக்குத் தெரியாது. தப்பாகப் போன 'கால்' ஒன்றை அவர் அழித்துவிட்டால் அங்கே ஒரு செய்தி இருந்த தடயமே இருக்காது. "ஆனா நான் தினமும் கூடவே இருந்து பார்த்தேனே சார்" என்பார்கள். சரி, அதற்கும் வருகிறேன்.

ஒருவரே எட்டு சேனல் நடத்துகிறார் என்று வையுங்கள். திங்கள் காலை நான்கு சேனலில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஏறும் என்கிறார், நான்கில் இறங்கும் என்கிறார். தப்பான நான்கும் மாலையில் மூடப்படும். மிச்சம் நான்கு. செவ்வாய்க்கிழமை அதில் இரண்டு ஏறும், இரண்டு இறங்கும். மிச்சம் இரண்டு. புதன்கிழமை முடிவில் ஒரே ஒரு சேனல் நிற்கும். அதில் இருப்பவர்கள் மூன்று நாளும் தொடர்ந்து 'கால்' சரியாக வந்ததைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். அவர்களுக்கு யாரும் பொய் ஸ்க்ரீன்ஷாட் காட்டவில்லை. ஆனாலும் அட்மினுக்குச் சந்தையைப் பற்றி ஒரு எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 32 சேனல் இருந்தால் ஐந்து நாள் தொடர்ந்து 'கரெக்ட்'. வியாழனோ வெள்ளியோ "பிரீமியம் குரூப்பில் சில இடங்கள்தான் பாக்கி" என்று செய்தி வரும்போது, அந்தக் கடைசி சேனல்காரர்கள் யோசிக்காமல் கட்டுவார்கள்.

எல்லோரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. 'கால்' எழுதும் விதத்திலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். "120-க்கு மேல் வாங்கவும், டார்கெட் 128, 140, 165, 200, எஸ்எல் 100." எஸ்எல் என்பது ஸ்டாப் லாஸ், விலை அதுவரை இறங்கினால் விற்று வெளியேறும் எல்லை. ஆப்ஷன் விலை காலையில் 128-ஐ ஒரு நொடி தொட்டுவிட்டால் போதும், "முதல் டார்கெட் முடிந்தது" என்று பட்டாசு படத்தோடு செய்தி வந்துவிடும். அடுத்த வரி: "பாதுகாப்பாக இருக்க நினைப்பவர்கள் வெளியேறலாம், ரிஸ்க் எடுப்பவர்கள் ஹோல்ட் பண்ணலாம்." இந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விலை ஏறினால் ஹோல்ட் பண்ணச் சொன்னது அவர்தான். இறங்கினால் வெளியேறச் சொன்னதும் அவர்தான். இரண்டு பக்கமும் அவருக்கு வெற்றி. 200 எதிர்பார்த்துக் காத்திருந்து 100-இல் எஸ்எல் அடித்து வெளியே வந்தவர் மட்டும் தன் பேராசையால் நஷ்டப்பட்டதாக நம்பிக்கொள்கிறார். என்னிடம் வருகிறவர்களில் தப்பு தன்மேல்தான் என்று நினைத்து வெட்கப்படுகிறவர்களே அதிகம். வீட்டில் சொல்லாமல் மறைப்பதும் அதனால்தான். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொன்று. அதிகம் வியாபாரமாகாத பங்கு ஆப்ஷன்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நிமிடத்தில் வாங்கப் போனால் விலை தானாக ஏறும். முதல் டார்கெட் அப்படியே வந்துவிடும். நீங்கள் ஆர்டர் போட்டு முடிப்பதற்குள் ஏற்றம் முடிந்திருக்கும். சிறு நிறுவனப் பங்குகளில் இதை இன்னும் மோசமாகச் செய்ய முடியும். 2022 ஜனவரியில் 'புல் ரன் 2017' என்ற டெலிகிராம் சேனல் தொடர்பாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு இதைப் பற்றியதுதான்: முதலில் தாங்கள் வாங்கிக்கொள்வது, பிறகு சேனலில் பரிந்துரைப்பது, உறுப்பினர்கள் வாங்கி விலை ஏறியதும் அவர்கள் தலையிலேயே விற்பது. இலவச உறுப்பினர்தான் அங்கே சரக்கு வாங்குகிற ஆள். கட்டணமே தேவையில்லை.

அட்மினின் வருமானத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இது என் தொழில் பழக்கம், எந்தக் கடைக்குப் போனாலும் இதைத்தான் முதலில் போடுவேன். இலவச சேனலில் 40,000 பேர். அவர்களில் நூற்றுக்கு ஒருவர் மாதம் 3,000 ரூபாய் கட்டினால் 12 லட்சம். நிஃப்டி ஏறினாலும் இறங்கினாலும் அந்த 12 லட்சம் வரும். விட்டுப் போகிறவர்களுக்குப் பதிலாகப் புதியவர்களைக் கொண்டுவருவதுதான் அவருடைய தினசரி வேலை. அந்த 40,000 என்ற எண்ணையும் நம்பாதீர்கள், உறுப்பினர் எண்ணிக்கையை விலைக்கு வாங்கலாம். இன்னும் சிலர் கட்டணமே கேட்பதில்லை. "என் லிங்க்கில் டீமேட் கணக்கு திறந்தால் விஐபி குரூப் இலவசம்" என்பார்கள். அங்கே உங்கள் புரோக்கரேஜில் அவர்களுக்குப் பங்கு போகிறது. நீங்கள் எவ்வளவு அதிகமாக வாங்கி விற்கிறீர்களோ அவ்வளவு அவர்களுக்கு லாபம்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். சராசரி நஷ்டம் ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம். உங்கள் குரூப்பில் தினமும் லாப ஸ்க்ரீன்ஷாட் போடுகிற அத்தனை பேரும் அந்த ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறார்களா?

"செபி பதிவு இல்லை, கல்வி நோக்கத்துக்கு மட்டும்" என்று சேனலின் மேலே எழுதி வைத்தால் சட்டம் தொடாது என்று நினைக்கிறார்கள், உறுப்பினர்களும் அதை நம்புகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு இன்ன பங்கை வாங்கு, இன்ன விலையில் விற்றுவிடு என்று சொல்ல 2014-ஆம் ஆண்டின் ரிசர்ச் அனலிஸ்ட் விதிமுறைகளின்படி செபி பதிவு வேண்டும். முதலீட்டு ஆலோசகர்களுக்கு 2013-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் இயங்கியவர் வகுப்பு நடத்துவதாகத்தான் சொன்னார். 2023 அக்டோபரில் செபி தன் இடைக்கால உத்தரவில் அவர் தரப்பிடமிருந்து 17 கோடி ரூபாய்க்கு மேல் முடக்கச் சொன்னது. 2025 டிசம்பரில் அவதூத் சாதேயின் பயிற்சி நிறுவனத்தின் மீது வந்த இடைக்கால உத்தரவில் அந்தத் தொகை 546 கோடி.

இலவச குழு நடத்துவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பதிவு பெற்ற ஆலோசகர்கள் சிலர் இலவசமாக எழுதுகிறார்கள், பேசுகிறார்கள், பிடித்தவர்கள் கட்டணம் கட்டி வாடிக்கையாளர் ஆகிறார்கள். அவர்கள் லாபத்துக்கு உத்தரவாதம் தர முடியாது, வாடிக்கையாளரோடு எழுத்துப்பூர்வமாக நிபந்தனைகளை ஒப்புக்கொள்ள வேண்டும், தனிநபரிடம் நிலையான கட்டணமாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு வருடம் 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. என் கோபம் அவர்கள் மேல் இல்லை.

கட்டுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். பதிவு எண் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ, ரிசர்ச் அனலிஸ்ட் என்றால் ஐஎன்எச் என்று தொடங்கும். எண் சொன்னதும் திருப்தியாகிவிடாதீர்கள், அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். செபி இணையதளத்தில் அந்த எண்ணுக்கு நேராக இருக்கும் பெயரும் மின்னஞ்சலும் உங்களிடம் பேசுகிறவருடையதுதானா என்று பாருங்கள். ரசீது கேளுங்கள். தனிநபர் யூபிஐக்கோ க்யூஆர் கோடுக்கோ பணம் அனுப்பாதீர்கள். லாபத்தில் பங்கு கேட்டால் வெளியே வாருங்கள். டீமேட் கணக்கின் பாஸ்வேர்டு, ஓடிபி கேட்டால் அந்த நொடியே பிளாக் செய்யுங்கள், இதைக்கூட நான் எழுத வேண்டியிருக்கிறது என்பதுதான் ஆத்திரமாக இருக்கிறது. சந்தையைக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் செபி முதலீட்டாளர் சான்றிதழ் தேர்வு இலவசம், பாடமும் இலவசம்.

பெரிய நிறுவனத்தின் பெயரில் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, தனியாக ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அதில் லாபம் ஏறுவதாகக் காட்டுவது முழு மோசடி. பணத்தை எடுக்கப் போனால் 'வரி' கட்டச் சொல்வார்கள். வருமான வரியை எந்தக் காலத்திலும் ஒரு செயலிக்காரனிடம் முன்கூட்டியே கட்டுவதில்லை. பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்த வாய்ப்பு.

பிரீமியம் குரூப்பில் ஏற்கெனவே பணத்தை விட்டவர்களுக்கு: கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறி எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். உரையாடலையும் யூபிஐ பரிவர்த்தனை எண்களையும் சேமியுங்கள். பதிவு பெற்றவர் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யுங்கள். நஷ்டத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லும் 'லாஸ் ரெகவரி' குரூப்பிலிருந்து யாராவது அழைத்தால் பேசவே பேசாதீர்கள்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். தயவுசெய்து. நகை அடகில் இருப்பது வங்கியின் ஏல நோட்டீஸ் வந்து தெரிவதைவிட நீங்களே சொல்வது நல்லது.

அந்தத் திருப்பூர் தம்பிக்கு நான் கொடுத்த பதில் இதுதான்: ரசீதும் ஆள் விவரமும் இல்லாத கட்டணத்தைச் செலவில் சேர்க்க என்னால் முடியாது. ஆனால் எஃப் அண்டு ஓ நஷ்டம் ஊக வணிகம் அல்லாத வியாபார நஷ்டம், ஐடிஆர்-3 என்ற வரிக் கணக்குப் படிவத்தில் காட்ட வேண்டியது. அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வட்டி, வாடகை போன்ற மற்ற வருமானத்தில் கழிக்கலாம், மிச்சத்தை எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம். அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே பங்கு வியாபார நஷ்டத்துக்கு நான்கு வருடம்தான். நஷ்டம்தானே, எதற்குக் காட்ட வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் மட்டுமே இந்த உரிமை உண்டு. புரோக்கர் அறிக்கையையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் சீக்கிரம் போங்கள்.