இடது கண்ணால் பார்க்கும் மாடு

வேலூர் அருகே செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தையில் வாங்கிய மாட்டை வீட்டில் இறக்கியதும், எதிரே புதிதாக நிற்பதை அது எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று கவனியுங்கள். பல மாடுகள் தலையை வலப்பக்கம் திருப்பி இடது கண்ணைக் காட்டும். புதிய பொருளை முதலில் இடது கண்ணாலும், அது பழகியபின் வலது கண்ணாலும் கறவை மாடுகள் அதிகம் பார்த்ததாக 2010-ல் ஓர் ஆய்வு வெளியானது.

மாட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், இடது கண் காண்பதில் பெரும்பகுதி வலது மூளைக்குப் போகிறது. ஆபத்தை உணர்வது, மிரள்வது, ஓடத் தயாராவது எல்லாம் அந்தப் பக்கத்தின் வேலை. பழகிய வேலையை இடது மூளை பார்த்துக்கொள்ளும்.

நாய்க்கு இந்த இடவல வேறுபாடு வாலில் தெரியும். உரிமையாளரைக் கண்டால் வால் வலப்பக்கம் கூடுதலாக ஆடும். முரட்டு அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம். 2007-ல் இத்தாலியில் 30 நாய்களிடம் பார்த்தது இது. வலம், இடம் என்பது நாயின் கணக்கு. எதிரே நிற்பவருக்கு மாறித் தெரியும். வால் ஆடுகிறதே என்று தைரியமாகக் கை நீட்டிக் கடி வாங்குபவர்கள் இங்கே குறைவில்லை.

மனிதருக்கு இதை அப்படியே பொருத்தாதீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்த 2013 ஆய்வில், 'வலது மூளைக்காரர்', 'இடது மூளைக்காரர்' என்று யாரும் பிரியவில்லை. மூளையின் நெற்றிப்பகுதி மின்னலைகளின் இடவல வேறுபாட்டை மன உளைச்சலோடு இணைத்த ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் மூளைச் சோதனைகள் வெறும் பொழுதுபோக்கு.

மாட்டுக்கு வருவோம். நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார். குரல் கொடுத்தபடி தோள்பக்கமாக நெருங்குங்கள். முதல் சில நாள் ஒரே ஆள், ஒரே பக்கமாக உட்கார்ந்து கறக்கட்டும். மிரண்ட உடனே மடியில் கை வைத்தால் பால் இறங்காது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின், பாலை இறக்கும் ஆக்ஸிடாசின் ஹார்மோனைத் தடுத்துவிடும். அரை மணி நேரம் விட்டுக் கறங்கள். அவசரப்பட்டு அரைகுறையாகக் கறந்துவிட்டால், தேங்கும் பால் மடிநோய்க்கு வழிவிடும்.

எருது விடும் விழாவில் இந்தக் கண் கணக்கு உதவாது. இருபுறமும் கூட்டம் கத்தும்போது மாடு எந்தப் பக்கம்தான் பார்க்கும்?

புது மாடு பயத்தில் வேகமாக மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க மூச்சை எண்ணுவதானால் விடிகாலையில், நிழலில் எண்ணுங்கள். வேலூர் மே மாத வெயிலில் மதியம் எந்த மாட்டுக்கும் மூச்சு இளைக்கத்தான் செய்யும். காலையிலும் நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டினால் பயம் என்று விட்டுவிடாமல் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள்: 103 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால், பயணக் களைப்பில் தொற்றிய நுரையீரல் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.