போர் கேமின் அடுத்த பாகம் வாங்கப் போகிறீர்களா? மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருப்பதையும் படியுங்கள்

ஜப்பானின் சேகா நிறுவனம் வெளியிடும் ‘வால்கிரியா குரோனிக்கிள்ஸ்’ என்ற போர் கேம் தொடரில் ஆங்கிலத்தில் வெளியான மூன்று பாகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் 2008-ல் பிளே ஸ்டேஷன் 3-க்கு வந்தது. இரண்டாம் பாகம் 2010-ல் கையடக்க பிஎஸ்பி-க்கு. நான்காம் பாகம் 2018-ல் பிளே ஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், கணினி என நான்கு தளங்களுக்கும். மூன்றாம் பாகம் 2011-ல் ஜப்பானில் மட்டும் வெளியானதால் அதை விட்டுவிடலாம். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்குச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் இணையதளத்தில் இந்த மூன்றுமே 80-க்கு மேல் வாங்கியவை, மூன்றுக்கும் நல்லது என்று குறிக்கும் பச்சை நிறக் கட்டம். அதை மட்டும் பார்த்துவிட்டு வாங்குகிறவருக்கு மூன்றும் ஒரே தரத்துப் பொருள். ஆனால் விளையாடிப் பார்த்தால் மூன்றும் மூன்று விதம். இரண்டாம் பாகத்தை வாங்கிப் பாதியில் விட்டவர்கள் நிறைய. அவர்கள் எதனால் விட்டார்களோ, அந்தக் காரணம் விமர்சனங்களில் அப்போதே எழுதியிருந்தது.

முதலில் இந்த கேம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். அது புரியாமல் எந்த விமர்சனத்தையும் எடைபோட முடியாது.

உங்கள் முறை வரும்போது போர்க்களத்தின் வரைபடம் திரையில் விரியும். கையில் சில கமாண்ட் பாயிண்டுகள் இருக்கும். ஒன்றைச் செலவழித்து ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்தால், வரைபடம் மறைந்து அவர் முதுகுக்குப் பின்னால் கேமரா இறங்கிவிடும். அதற்குப் பிறகு நீங்களே அவரை ஓட்டிச் செல்ல வேண்டும். ஓட ஓடக் கீழே உள்ள நகர்வு அளவுகோல் குறைந்துகொண்டே வரும். எதிரியின் பார்வைக்குள் நுழைந்ததும் துப்பாக்கிகள் சுட ஆரம்பிக்கும், நின்று யோசித்தாலும் சுட்டுக்கொண்டேதான் இருக்கும். குறிபார்க்கும் பட்டனை அழுத்திய நொடியில் எல்லாம் உறைந்துவிடும். நிதானமாகத் தலையைக் குறிவைக்கலாம், பீரங்கி வண்டி என்றால் பின்பக்கம் நீலமாக ஒளிரும் ரேடியேட்டரைக் குறிவைக்கலாம். ஒரு பாயிண்டுக்கு ஒரு தாக்குதல். அதே வீரரை மறுபடி அழைக்கலாம், ஆனால் அந்த முறைக்குள் ஒவ்வொரு தடவையும் அவர் ஓடக்கூடிய தூரம் சுருங்கும். திட்டம் வரைபடத்தில், பதற்றம் ஓட்டத்தில். விமர்சகர்கள் 2008-ல் கொண்டாடியது இந்தக் கலவையைத்தான். பென்சில் கோடும் நீர்வண்ணமும் கலந்த ஓவியம் போன்ற காட்சிகளுக்கும், ஹிட்டோஷி சாகிமோட்டோவின் இசைக்கும் கிடைத்த பாராட்டு அதற்கு அடுத்துதான்.

இரண்டாம் பாகம் பிஎஸ்பி-க்கு வந்ததால், அந்தச் சின்னக் கருவியின் நினைவகத்துக்கு ஏற்ப எல்லாவற்றையும் வெட்ட வேண்டியிருந்தது. அகன்ற போர்க்களம் சிறு சிறு பகுதிகளாக உடைந்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக முகாமைப் பிடித்து அதன் வழியாகப் போக வேண்டும். அந்தப் பகுதிகளே வெவ்வேறு பணிகளில் திரும்பத் திரும்ப வந்தன. வீரர்களைப் பதவி உயர்த்தத் தேவையான சான்றுகள் பணி முடிந்ததும் யாருக்கு எது கிடைக்கும் என்று தெரியாமல் விழும். வேண்டியது விழும்வரை பழைய பணிகளையே ஆட வேண்டும். போர்க் கதை ராணுவப் பள்ளி மாணவர்களின் கதையாக மாறியதும், முழுக் காட்சிகளுக்குப் பதில் முகப்படங்கள் பேசுவதும் பலருக்குப் பிடிக்கவில்லை. இத்தனை குறையிருந்தும் மதிப்பெண் எப்படி 80-ஐத் தாண்டியது? ஒரு கையடக்கக் கருவிக்குள் இவ்வளவு பணிகள், இவ்வளவு பாத்திரங்கள், நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வசதி எல்லாம் இருந்தன. பஸ் பயணத்தில் இருபது நிமிடம் ஆடுகிறவருக்கு அது அருமையான பொருள்தான். வீட்டில் உட்கார்ந்து முதல் பாகத்தின் தொடர்ச்சியைத் தேடியவருக்கு அப்படி இல்லை. விமர்சகர்கள் யாரை மனதில் வைத்து மதிப்பெண் போட்டார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

நான்காம் பாகத்துக்கு வேறு ஒரு சிக்கல். அதற்கு ஓராண்டு முன்பு, 2017-ல், ‘வால்கிரியா ரெவல்யூஷன்’ என்ற கிளைக் கதை வந்திருந்தது. முறைவைத்து ஆடுவதை ஓரங்கட்டி அதிரடி ஆட்டமாக மாற்றிய அந்த முயற்சி விமர்சகர்களிடம் நன்றாக அடிவாங்கியது. அடுத்த ஆண்டே பழைய முறையோடு நான்காம் பாகம் வந்ததும், தொடர் தன் வழிக்குத் திரும்பிவிட்டது என்ற நிம்மதி பல விமர்சனங்களில் தெரிந்தது. அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால் ரெவல்யூஷனைத் தொட்டே பார்க்காத புது ஆட்டக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒரு விமர்சனத்தில் ‘திரும்பி வந்துவிட்டது’ என்ற தொனி மிகுந்திருந்தால், அந்தப் பாராட்டில் எவ்வளவு முந்தைய பாகத்தின் தோல்விக்கு உரியது என்று கழித்துவிட்டுப் படியுங்கள்.

கழித்த பிறகும் நான்காம் பாகத்தில் மிஞ்சுவது கணிசம். கிரனேடியர் என்ற புதிய வீரர் வகைதான் பெரிய மாற்றம். சிறு பீரங்கியைத் தரையில் ஊன்றி, சுவருக்கு மேலாகக் குண்டு எறிபவர். அவர் கண்ணுக்கு எதிரி தெரிய வேண்டியதில்லை, நம் ஆட்களில் யாராவது ஒருவர் பார்த்தால் போதும். எதிரியிடமும் இவர்கள் உண்டு. மணல்மூட்டைக்குப் பின்னால் பத்திரமாக நிற்கிறோம் என்று நினைத்தால், வானத்திலிருந்து குண்டு விழும். ஓடிக்கொண்டே இருந்தால் தப்பலாம், திரும்பிப் பார்க்க நின்றால் விழும். முதல் பாகத்தில் பழகிய ‘மறைவிடம் பார்த்து ஒதுங்கு’ என்ற வழக்கத்தையே இது கலைத்துப்போட்டது. முன்பு இரண்டு பாயிண்ட் கேட்ட பீரங்கி வண்டி இப்போது ஒன்றே கேட்கிறது. அதனால் பலர் சும்மா நிறுத்திவைத்திருந்த வண்டி களத்துக்கு வந்தது. தலைவர் பொறுப்பில் உள்ளவர் இரண்டு பேரைக் கூடவே அழைத்துப் போகலாம் என்பதால், மெதுவாக நடக்கும் வீரர்களும் முன்னணிக்கு வந்து சேர்கிறார்கள்.

இனி குறைகள். மேலோட்டமான விமர்சனத்தையும் உழைத்து எழுதியதையும் பிரித்தறிய உதவுவது இந்தப் பகுதிதான்.

பணி முடிந்ததும் கிடைக்கும் தரவரிசை, எத்தனை முறைக்குள் முடித்தீர்கள் என்பதை வைத்தே தரப்படுகிறது. எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள், எவ்வளவு கவனமாக முன்னேறினீர்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. உயர்ந்த தரம் கிடைத்தால் அனுபவமும் பணமும் கூடுதல். இதனால் என்ன ஆகிறது? அதிக தூரம் ஓடக்கூடிய ஸ்கவுட் ஒருவரைப் பிடித்து, தற்காப்பைக் கூட்டும் ஆணையைக் கொடுத்து, எல்லாப் பாயிண்டையும் அவர் மேலேயே செலவழித்து எதிரி முகாமுக்கு ஓடவிடுவதே லாபம் என்றாகிறது. இது முதல் பாகத்திலேயே சுட்டிக்காட்டப்பட்ட ஓட்டை. பத்தாண்டு கழித்தும் அடைக்கவில்லை. போரின் கொடுமையைக் கதையில் சொல்லிவிட்டு, நிதானமாகப் போரிடுகிறவரைக் குறைத்து மதிப்பிடுவது இந்த கேமின் மிகப் பெரிய முரண். முதல் முறை ஆடும்போது தரவரிசையைக் கண்டுகொள்ளாமல் விடுவதே நல்லது.

அடுத்தது எதிரியின் மூளை. திறந்த வெளியில் ஓடிவந்து பீரங்கி வண்டியைத் துப்பாக்கியால் சுடும் எதிரிகளை அடிக்கடி பார்ப்பீர்கள். அதை ஈடுகட்ட, முன்னறிவிப்பு இல்லாமல் புதிய படையை நடுக்களத்தில் இறக்குகிறார்கள். நீங்கள் தவறே செய்யாவிட்டாலும் ஒரு வீரர் திடீரென்று சூழப்பட்டுவிடுவார். விழுந்தவரை நம் ஆள் போய்த் தொடுவதற்குள் எதிரி தொட்டுவிட்டால் அவர் நிரந்தரமாகப் போய்விடுவார். கதை மாந்தர்களுக்கு மட்டுமே விலக்கு. எனவே ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் சேமித்துக்கொள்ளுங்கள், போருக்கு நடுவிலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஒரே கோப்பில் மேலெழுதாமல் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். நிலைமை கெட்டது தெரியாமலே அதன் மேல் சேமித்துவிட்டால், ஒரே கோப்பு வைத்திருப்பவர் பணியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோர் விமர்சனத்தில் கதையைப் பற்றிய பத்தியைத் தவறாமல் படிக்க வேண்டும். கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கும் அமெரிக்க ஈஎஸ்ஆர்பி அமைப்பின் முத்திரை பதின்பருவத்தினருக்கு ஏற்றது என்கிறது. ரத்தம் குறைவு என்பது உண்மையே. ஆனால் டார்க்சென் என்ற கற்பனை இனத்தின் மீதான வெறுப்பும் ஒடுக்குமுறையும் தொடர் முழுக்க வருகின்றன, அவை விளக்கிச் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டிய விஷயங்கள். நான்காம் பாகத்தில் ராஸ் என்ற வீரன் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதத்தை நகைச்சுவையாகக் காட்டியிருப்பதைப் பல விமர்சகர்கள் கண்டித்தார்கள். தோழன் ஒருவன் செத்துக் கிடக்கும் கதைக்குள் அந்தக் கேலி ஒட்டவே இல்லை. அந்தக் கண்டனம் முழுக்கச் சரி.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை இவை. மெட்டாகிரிட்டிக்கில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி எண் இருக்கும். அவற்றைப் போட்டவர்கள் ஒரே ஆட்கள் அல்ல. ஒன்றின் எண் இரண்டு கூடுதலாக இருந்தாலும் அந்தப் பதிப்பு மேல் என்று ஆகாது. அதன் சராசரி எல்லோருக்கும் சம எடை கொடுத்துக் கணக்கிடப்படுவதும் இல்லை. எனவே உயர்ந்த மதிப்பெண் போட்ட ஒரு விமர்சனத்தையும் தாழ்ந்த மதிப்பெண் போட்ட ஒன்றையும் முழுதாகப் படியுங்கள். இரண்டிலும் ஒரே குறை இருந்தால் அது உங்களுக்கும் கண்ணில் படும். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் வாங்குவதானால், ஒவ்வொரு கருத்துக்கும் மேலே அதை எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று இருக்கும். இது முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் கேம், ஆகவே 20 மணிக்குக் கீழே உள்ளவற்றை வடிகட்டிவிடுங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் இந்த கேமில் அந்த இரண்டு மணி நேரத்தில் பெரும் பகுதி அறிமுகக் காட்சிகளிலும் பயிற்சிப் போர்களிலும் போய்விடும். கதை ஏடு புரட்டுவது போல அமைக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு சிறு காட்சிக்கும் தனித்தனியாக அழுத்தித் திறக்க வேண்டும். முதல் நாளே அது சலிப்பூட்டினால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கடைசி அத்தியாயம் வரை அப்படித்தான் இருக்கும்.