ஹேக்கத்தான்: சொல் விளக்கம்

ஹேக்கத்தான் என்றதும், அடுத்தவர் கணக்கில் புகுந்து திருடுகிறவர்கள் நடத்தும் கூட்டமோ என்று சிலர் மிரளுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. கணினி நிரல் எழுதுபவர்கள் ஓரிடத்தில் கூடி, ஓரிரு நாள் விடாமல் உட்கார்ந்து, எடுத்துக்கொண்ட சிக்கலுக்கு ஓடுகிற தீர்வு ஒன்றை உருவாக்கிக் காட்டுவதுதான் ஹேக்கத்தான்.

ஹேக், மாரத்தான் என்ற இரண்டையும் ஒட்டவைத்த சொல் இது. ஆங்கிலத்தில் ஹேக் என்றால் வெட்டுவது, கொத்துவது. 1950களில் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில், பொம்மை ரயில் ஓட்டிப் பார்க்கும் மாதிரி ரயில் மன்றத்து மாணவர்கள், மின்சுற்றை நோண்டிச் சாமர்த்தியமாக எதையாவது செய்வதை இப்படிச் சொன்னார்கள். திருட்டு என்ற பொருள் பிற்பாடு ஏறியது. மாரத்தான் கிரேக்க நாட்டில் ஓர் ஊர். நெடுந்தூர ஓட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தபின், ஊர்ப்பெயரின் வாலை மட்டும் நறுக்கி, நீண்ட நேரம் நடக்கும் எதனோடும் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தச் சொல் 1999 ஜூனில் புழக்கத்துக்கு வந்தது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் கனடாவின் கால்கரி நகரில் கூடினார்கள். ஏன் கனடா? தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்க மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கச் சட்டம் அப்போது கெடுபிடி காட்டியது. எல்லைக்கு வெளியே உட்கார்ந்து எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. அதே மாதம், ஜாவா நிரல்மொழியை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜாவா மாநாட்டில், பாம் ஃபைவ் கையடக்கக் கருவிகள் அகச்சிவப்புக் கதிர் வழியே ஒன்றோடொன்று பேசும்படி நிரல் எழுதச் சொல்லி அந்த நிறுவனத்தின் ஜான் கேஜ் சவால் விட்டார். கூடி வேலை பார்ப்பது, போட்டி போடுவது என்ற இரண்டு முகமும் பிறக்கும்போதே இருந்தன.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நிரலாக்கப் போட்டி என்றால் கால்கரியில் நடந்தது அடங்காது. ஹேக்கரைக் கொந்தர் என்பதால் கொந்து என்று தொடங்கினால், திருட்டு வாடை போகாது. நிரலாக்க முகாம் பரவாயில்லை: கூடுவது, தங்குவது, முடித்துக் கலைவது எல்லாம் அதில் உண்டு. முகாம் அரபு வழி வந்தது என்று மறுப்பவர்களுக்கு நிரலாக்கப் பாசறை இருக்கிறது. என் ஓட்டும் அதற்கே. படை தற்காலிகமாகத் தங்கும் இடம் பாசறை. சங்கப் பாட்டில் அங்கே அரசன் தூங்காமல்தான் கிடப்பான், பொருத்தம்தானே! பரிசும் நடுவரும் இருந்தால் பாசறைப் போட்டி என்று நீட்டிக்கொள்ளலாம்.