தொட்டிக்குள் இறங்கும் முன்: டெல்டா அரிசி ஆலைகளில் விஆர் பயிற்சி

காவிரிப் படுகையின் அரிசி ஆலைகளில் ஆபத்து ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. குறுவை நெல் வரும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பாவும் தாளடியும் வந்து குவியும் தை, மாசியிலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. புதிய ஆட்கள் வேலைக்குச் சேர்வதும் அப்போதுதான். அவர்களில் பீகார், ஒடிசா மாநிலங்களிலிருந்து வருபவர்களும் உண்டு. வந்த மறுநாளே, புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறவைக்கும் ஊறல் தொட்டியைக் கழுவ அனுப்பப்படும் அத்தகைய ஒருவருக்கு, அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டியிருக்கும் விதிமுறைத் தாளால் எந்தப் பயனும் இல்லை.

பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 111-ஏ பிரிவு 1987-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டது. நடைமுறையில் அந்த உரிமை பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. தலையில் மாட்டினால் கண்முன் நிஜம்போலக் காட்சி விரியும் விஆர் (மெய்நிகர்) கருவி இந்த இடைவெளியை நிரப்புமா என்று ஆலை உரிமையாளர்கள் இப்போது கேட்கிறார்கள். சில இடங்களில் நிரப்பும். ஆனால், உண்மையான இயந்திரத்தில் ஆபத்தின்றிப் பழகக்கூடிய எதற்கும் அது தேவையில்லை. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் அடைத்துக்கொண்டால் கையை உள்ளே விடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை அந்த எலிவேட்டரின் அருகிலேயே நின்று கற்றுத்தரலாம். பூட்டு வாங்கித் தராத ஆலை விஆர் கருவி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

விஆர் தேவைப்படுவது, ஒருமுறைகூட நிஜமாக நடத்திப் பார்க்க முடியாத நிகழ்வுகளுக்குத்தான். அவற்றில் முதலாவது தொட்டி. குளிர்ந்த நீரில் நெல் நாள்கணக்கில் ஊறும்போது நொதித்தல் நடக்கிறது. அது ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகிறது. காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமான அந்த வாயு, தண்ணீரை வடித்த பிறகும் தொட்டியின் அடியிலேயே தங்கிவிடும். ஊறல் நீர் போய்ச் சேரும் கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் சேரக்கூடும். அழுகிய முட்டை நாற்றத்தால் அதைக் கண்டுகொள்ளலாம் என்று நம்பி இருப்பது தவறு. பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன் உண்டு. 19.5-க்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. 10-க்கும் கீழே போனால், மூச்சுத் திணறுவதை உணர்வதற்கு முன்பே நினைவு தப்பிவிடக்கூடும்.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லிவிடலாம், கேட்பவரும் தலையாட்டுவார். ஆனால் உடன் வேலை பார்த்தவர் தொட்டிக்குள் சரிந்து கிடப்பதைக் காணும் அந்த நொடியில் மனிதன் கேட்டதை நினைத்துப் பார்ப்பதில்லை, குதித்துவிடுகிறான். தொட்டி விபத்துகளில் இரண்டாவது, மூன்றாவது உயிர்கள் இப்படித்தான் போகின்றன. எனவே நல்ல விஆர் காட்சி வாயுவைப் பற்றிப் பாடம் நடத்தக் கூடாது. காப்பாற்றத் துடிக்கும் அந்த உந்துதலைத் தூண்டிவிட்டு, அதைத் தாண்டிச் செயல்படப் பழக்க வேண்டும். கீழே ஒருவர் விழுகிறார், அவர் கை அசைகிறது, பின்னாலிருந்து யாரோ ‘இறங்குடா’ என்று கத்துகிறார். பயிற்சி பெறுபவர் ஏணியில் கால் வைத்தால் சில நொடிகளில் திரை மங்கி அணைகிறது. மறுமுறை அவர் சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டு, மின்விசிறியை இயக்கி, விழுந்தவரோடு கட்டப்பட்டு வெளியில் நிற்பவர் கையில் இருக்கும் கயிற்றைச் சேர்ந்து இழுக்கிறார். இறங்குபவர் இடுப்பில் பட்டை கட்டி, அதன் கயிற்று முனையை வெளியிலிருப்பவர் பிடித்திருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவு கேட்டது ஏன் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்குகிறது. இதில் படிக்க வேண்டிய எழுத்து எதுவும் இல்லாததால், போஜ்புரி பேசுபவருக்கும் மன்னார்குடிக்காரருக்கும் ஒரே காட்சி போதுமானது. குரலை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாவது, உமி எரிக்கும் பாய்லர். நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் தெரியாமல் போனால் கை தானாகப் பம்பைத் தேடும். பழுக்கக் காய்ந்த தகட்டின் மேல் படும் தண்ணீர் நீராவியாகி ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும் என்பதால், செய்யவே கூடாதது அதுதான். உமி வரத்தையும் ஊதுவிசிறியையும் நிறுத்தி, ஆட்களை விலக்க வேண்டும்.

காட்சியை எங்கிருந்தோ விலைக்கு வாங்குவதைவிட, நெல் வரத்து குறைந்த சித்திரை, வைகாசியில் உங்கள் ஆலையிலேயே 360 பாகைக் கேமராவால் படம் பிடிப்பது மேல் என்பது என் கருத்து. அதில் நடந்து திரிய முடியாது, திரும்பிப் பார்க்க மட்டுமே முடியும் என்றாலும், தன் தொட்டியையும் தன் ஏணியையும் காண்பவருக்கு அது வேறு யாருக்கோ நடப்பதாகத் தோன்றாது. கண் காணும் அசைவும் காதின் உட்பகுதி உணரும் அசைவும் பொருந்தாதபோது சிலருக்குக் குமட்டும். ஆகவே உட்கார வைத்து, பத்து நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு மாட்டவே கூடாது. வியர்வையும் தவிட்டுத் தூசியும் படியும் கருவியை ஒவ்வொருவருக்கும் பிறகு துடைப்பது இங்கே கட்டாயம். விரலால் பொத்தானை அழுத்துவது வால்வைத் திருகுவது ஆகாது என்பதால், கருவியைக் கழற்றிய கையோடு உண்மையான வால்வுக்கும் கயிற்றுக்கும் அழைத்துப் போய் அதே வரிசையில் செய்ய வைக்க வேண்டும்.

பயிற்சி பலித்ததா என்பது சம்பா வரத்தின் நடுவில்தான் தெரியும். கழுவிக் காய்ந்து, வாயு அளவியால் சோதிக்கப்பட்ட ஒரு தொட்டியில் வைக்கோல் திணித்த கோணிப் பொம்மையைப் போட்டு, வாய்ப்பகுதியில் ஒரு மேற்பார்வையாளரை நிறுத்திக்கொண்டு, முன்னறிவிப்பில்லாமல் சத்தம் கொடுத்துப் பாருங்கள். யார் இறங்கப் போனார், யார் விசிறியிடம் ஓடினார் என்பதோடு, கயிறு அதன் கொக்கியில் இருந்ததா, வாயு அளவியில் சார்ஜ் இருந்ததா என்பதையும் அன்றே எழுதி வையுங்கள்.